ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு

கான்சாஸ் பிரதேசம்
1856, மார்ச் 11

காற்று நின்றபாடில்லை. மரச்சுவர் இடுக்குகளில் என் கணவர் ஏசா பூசிய களிமண் காய்ந்து உதிர்ந்து மாவுப் பானைக்குள் விழுகிறது. ரொட்டியைக் கடித்தால் நறநறவென்று மண். அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். நல்ல மனிதர்.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர்பா ப்ரூயிட் வெங்காய நாற்று கொண்டுவந்தாள். பேசிக்கொண்டே அவளே நட்டும் கொடுத்துவிட்டாள். கவுனை இடுப்பில் தளர்த்தியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். சிரித்தாள். கோடை முடிவதற்குள் பிறந்துவிடுமாம். போன குளிர்காலத்தில் நான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது எங்கள் மாட்டைக் கறந்தவள் இவள்தான்.

அவர்கள் மிசூரிக்காரர்கள், அடிமை வைத்துக்கொள்கிற மாநிலம். நாங்கள் ஒஹையோ, அது கிடையாத மாநிலம். ஒஹையோவில் இருந்தவரை எந்த ஊர் என்பது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இங்கே வழியில் எதிர்ப்படுகிறவன் நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைத்தான் கேட்கிறான். புதிதாகத் திறந்துவிட்ட இந்த நிலத்தில் அடிமை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை இங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டுவிட்டார்கள். தெற்கே இருந்தும் வடக்கே இருந்தும் ஆட்களை வண்டி வண்டியாக அனுப்புகிறார்கள். ஓட்டோடு துப்பாக்கியும் வருகிறது.

ஏப்ரல் 6

எழுதினால் பதற்றம் தணியும் என்று உட்கார்ந்தேன்.

மாவு அரைக்கப் போன ஏசாவை வழியில் மிசூரிக் குதிரைக்காரர்கள் மறித்திருக்கிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த பசுவைக் காட்டி, “இதுக்குப் பேர் என்ன, சொல்லு” என்றார்களாம். அந்த ஒரு சொல்லை இழுக்கிற விதத்திலேயே வடக்கத்தியானைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏசா வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த பர்ரல் ப்ரூயிட், ஓர்பாவின் புருஷன், வண்டியை நிறுத்தி, “அவரு நம்ம ஆளுதாங்க, தொண்டை கட்டிக் கிடக்கு” என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டார்.

சாயங்காலம் எங்கள் மேசையில் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பர்ரல் சொன்னார்: “அடிமை வாங்கவா என்கிட்ட காசு இருக்கு? ஒரு கழுதை வாங்க வக்கில்லை. எங்க ஆளுங்க போடுற பக்கம் ஓட்டுப் போட்டேன். உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்? கறுப்பருங்களே இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதானே ஓட்டுப் போட்டீங்க?”

ஏசாவும் அப்படித்தான் போட்டார். இங்கே வரும் வழியில், வெஸ்ட்போர்ட் சந்தையில் விற்பதற்காகக் கயிறு கட்டிய கையோடு நிறுத்தியிருந்த ஒரு அடிமைப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மேசையில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

மே 22

வடக்கே, எங்கள் பக்கத்து ஆட்கள் குடியேறிய லாரன்ஸ் ஊர் இருக்கும் திசையில், புகை. ஏசா குதிரையில் போயிருக்கிறார். போகாதீங்க என்றேன். பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

மே 24

வந்துவிட்டார். கடவுளுக்கு நன்றி.

மிசூரிக்காரர்கள் ஓட்டலை எரித்துவிட்டார்களாம். பத்திரிகை ஆபீஸின் அச்சு எழுத்துகளை அள்ளி ஆற்றில் கொட்டிவிட்டார்களாம். வெற்றுச் சுவர் முன்னால் ஒரு கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். இவ்வளவுதான் சொன்னார். பூட்ஸைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். பிறகு மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு புதுத் துப்பாக்கியை எடுத்துவந்து, ரொட்டி இருந்த இடத்தில் கிடத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை நான்?

மே 28

தெற்கே ஒரு ஓடைக்கரையில் போன சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேரைக் கொன்றிருக்கிறார்கள். வீட்டிலிருந்து இழுத்துப்போய், பெண்டாட்டி கெஞ்சக் கெஞ்ச, வாளால் வெட்டி. செத்தவர்கள் அவர்கள் பக்கத்து ஆட்கள். வெட்டியவர்கள் எங்கள் பக்கம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன் நான் எழுதியதை. ஆமாம், எங்கள் பக்கம்.

ஏசா கேட்டுவிட்டு, “அவங்க ஆரம்பிச்சது” என்றார்.

ஓர்பா தண்ணீருக்கு வந்தவள் ஓடையைத் தாண்டவில்லை. அந்தக் கரையிலேயே நின்று கேட்டாள்: “அக்கா, சனிக்கிழமை ராத்திரி உங்க வீட்டுக்காரர் வீட்லதான் இருந்தாரா?”

இருந்தார் என்றேன். உண்மைதான், இருந்தார். அவள் தலையாட்டினாள். ஆனால் என் முகத்தை ஏன் அப்படி உற்றுப் பார்த்தாள்? அதைவிட, இருந்தாரா என்று ஒரு கணம் நானே ஏன் யோசித்தேன்?

ஜூன் 15

நாய் குரைத்தால் விளக்கை அணைக்கிறோம்.

ஜூலை 26

ஓர்பாவுக்குப் பெண் குழந்தை. தலை நிறைய முடி. நான்தான் கூட இருந்தேன். பர்ரல் வெளியே நின்றுகொண்டு சமையலுக்குத் தேவையே இல்லாமல் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் ஏசா கேட்டார், “அங்க எதுக்கு இவ்வளவு நேரம்?” பிள்ளைப்பேறு, அது நேரம் பார்த்தா வரும் என்றேன். “அங்க என்ன பேசினே?” என்றார். குழந்தைக்கு முடி நிறைய இருக்கிறது என்று பேசினேன் என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

ஏசா, லொரிமர் என்பவரின் துப்பாக்கிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். காப்டன் லொரிமர் என்கிறார்கள். இங்கே வருவதற்கு முன் செருப்புக்கடை வைத்திருந்தவராம். ஏசாவை லெப்டினன்ட் ஆக்கியிருக்கிறார்.

ஆகஸ்ட் 13

ஓடைக்கரையில் இருக்கிற மிசூரிக்காரர்கள் அத்தனை பேரையும் காலி பண்ணச் சொல்வது என்று முடிவாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை லொரிமரின் ஆட்கள் கிளம்புகிறார்கள். ஏசா சாதாரணமாகச் சொன்னார், வேலி போடப் போகிறோம் என்பதுபோல.

ப்ரூயிட் குடும்பமுமா என்றேன்.

“எல்லாரும்னா எல்லாரும்தான், மீலி.”

பர்ரல் குளிர்காய்ச்சலில் கிடக்கிறார், எழுந்து நிற்க முடியவில்லை, பச்சைக் குழந்தை வேறு, அன்றைக்கு வழியில் உங்களை மீட்டுக் கூட்டிவந்தது யார் என்று எல்லாம் சொன்னேன். அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில், “நான் ஒருத்தன் சொன்னா கேப்பாங்களா?” என்றார்.

சொல்லிப் பார்த்தீங்களா என்று கேட்டேன். அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 18

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். ஒரு மரத்தடியில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலேயே கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டேன். ஓர்பாவிடம் சொன்னேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டை கட்டத் தொடங்கினாள். பர்ரல் அந்த வெயிலில் இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். குதிரைச் சத்தம் கேட்டதும் நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

லொரிமர் மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க.”

“உள்ளே காய்ச்சல்காரர் இருக்கார்” என்றேன்.

ஏசா கடைசிக் குதிரையில் இருந்தார். குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லொரிமர் சிரித்தார்: “உங்க வீட்டம்மாவா, லெப்டினன்ட்? அப்ப நீங்களே பேசிக்கங்க.”

இறங்கி வந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவர்களை விட்டுவிடுங்கள் என்று. அவர் குனிந்து, என் மடியிலிருந்து குழந்தையைப் பதமாக எடுத்து ஓர்பாவிடம் கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“எழுந்திரு மீலி. என்னை அசிங்கப்படுத்தாதே.”

மேல்கையில் விரல் தடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

பர்ரலை மெத்தையோடு தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் போட்டார்கள். ஏசாவைக் கடந்து போகும்போது, பல் கிட்டிக்கொண்டு நடுங்க, அவர் சொன்னார்: “தொண்டை சரியாயிடுச்சா, ஏசா?”

யாருக்கும் புரியவில்லை. ஏசாவுக்குப் புரிந்தது. நேராக உள்ளே போய்ப் படுக்கை வைக்கோலை அள்ளிக் கூரை மூலையில் செருகி அவரே தீ வைத்தார். யாரும் அவரை வைக்கச் சொல்லவில்லை.

வண்டி ஓட்ட ஆள் இல்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஏசாவும் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20

ஆற்றுத்துறை. படகுக்காரர் ஷானி என்ற செவ்விந்தியப் பழங்குடி இனத்தவர். இந்தப் பக்கத்து நிலமெல்லாம் அவர்களுடையதாக இருந்தது. ஒஹையோவிலிருந்து துரத்திவிட்டு, இனிமேல் இதுதான் உங்களுக்கு என்று கொடுத்து, மறுபடி பிடுங்கிக்கொண்ட நிலம். நாங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டார். ஒஹையோ என்று சொல்ல வாய் வரவில்லை.

வண்டியில் கிடந்த பர்ரலைப் பார்த்துவிட்டு, “எங்களை அனுப்பினப்பவும் காய்ச்சல்காரங்களை வண்டியிலதான் போட்டாங்க” என்றார். காசு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கரையில் ஓர்பாவின் அண்ணன் வந்து அழைத்துப் போவார். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். “நீயும் வந்துடுக்கா” என்றாள். எங்கே? அங்கே நான் யார்? ஒஹையோக்காரி, வீட்டைக் கொளுத்தியவனின் பெண்டாட்டி.

செப்டம்பர் 1

நடந்தும், வழியில் போன வண்டிகளில் ஏறியும் வீடு வந்து சேர்ந்தேன். ஏசா எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலைக் கழுவிவிட்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 19

புது கவர்னர் பட்டாளத்தோடு வந்திருக்கிறாராம். இரண்டு பக்கமும் கலைந்து வீட்டுக்குப் போகிறார்களாம்.

அக்டோபர் 14

வெயில் தணிந்துவிட்டது. அறுவடை நல்லபடியாக நடக்கிறது. ஏசா பழையபடி மெதுவாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று மதியச் சாப்பாட்டை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுவரச் சொன்னார். ப்ரூயிட் நிலத்தில் எங்கள் பேரில் எல்லை முளை அடித்தாகிவிட்டது. பர்ரல் விதைத்த மக்காச்சோளத்தைத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். “நம்ம பக்கத்தைவிட நல்லா வந்திருக்கு பாரு” என்று ஒரு கதிரை உரித்துக் காட்டினார். எவனோ ஒருத்தன் எடுக்கத்தான் போகிறான், நாம் எடுத்தால் என்ன என்றார்.

கரிந்த சுவர் ஓரமாக நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இனிமே இந்தப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான். இப்ப பயம் இல்லையே, மீலி?”

இல்லை என்றேன். இப்போதெல்லாம் அவர் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்.