பொட்டு வைக்க ஒரு தகடு

அத்தை,

தலைமுடியில் ஏறிய கருகின பஞ்சு வாசம் போகமாட்டேன் என்கிறது. சீயக்காய் போட்டு எத்தனை அலசியும் சடையைத் தூக்கினால் அதே வாசம். அதை முகர்ந்துகொண்டேதான் உங்களுக்கு எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை, தெரியும். ஆனால் உங்களிடம் சேதி சொல்லச் சொல்லி ஒருத்தி என்னை ஏவியிருக்கிறாள். அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் "சரி, போ" என்று வேலையைப் பார்க்க எழுந்துவிடுவீர்கள்.

மாமா போனபின் பருத்தி அரவை மில்லை நீங்கள் ஏற்று நடத்திய முதல் வருஷம், பக்கத்து ஊர் மில்லின் கிடங்கு எரிந்தது. உள்ளே பருத்தி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் வெளியே வரவே இல்லை. அன்று நீங்கள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தீர்கள். நம் கிடங்கிலும் ராசம்மாவும் மற்றவர்களும் அதே மாதிரிதானே பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். "தீக்கதவு போடணும். தீ உள்ளயே அடங்கணும், ஆளுங்க வெளிய வரணும். போடத் தெரிஞ்ச ஆளாப் பாக்கணும்" என்றீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு கண்ட்ராக்டர் வந்தார். விரலுக்கு விரல் மோதிரம். சாய்வான தண்டவாளத்தில் இரும்புக் கதவு தொங்குமாம். அதை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றின் நடுவே ஒரு ஈயத் துண்டாம். தீச்சூட்டில் ஈயம் உருகினால் கதவு தானே உருண்டு வந்து மூடிக்கொள்ளுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரத் துரை கொடுத்த சர்டிபிகேட்டை விரித்தார்.

"அந்தக் காயிதத்துக்குத் தீப்பிடிக்காதுங்களா?" என்றேன். இடுப்பில் கிள்ளினீர்கள். ஆனாலும் உங்கள் உதட்டோரம் சிரித்ததை நான் பார்த்தேன்.

"கதவு போடச் சொன்னா கதை போடறாரு, அத்தை."

"சும்மா இரு, சாமி. ஏனுங்க, நீங்க முன்னாடி போட்ட கதவு எங்கீங்க இருக்குது? போயிப் பாத்துட்டு வாரோம்."

ஓமலூருக்கு வண்டி கட்டினோம். மோதிரக்காரரும் கூடவே வந்தார். அந்த மில் கதவு வார்னிஷில் முகம் பார்க்கலாம் போல மின்னியது. நீங்கள் கண்ணைக் காட்ட, நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கதவு ஒரு முழம் நகர்ந்தது. பிறகு சீர் போதவில்லை என்று முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை போல நின்றுவிட்டது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு கதவு தொங்கும் உருளைச் சக்கரங்களில் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாகிக் கிடந்தன.

"அது இவங்க பண்ணின தப்புங்க. நம்ம வேலை சுத்தமுங்க" என்றார் அவர்.

"பூசைக்குப் பொட்டு வெப்பாங்கன்னு தெரியாதுங்களா? நீங்க எந்த ஊருங்க?" என்றீர்கள். அவர் மோதிரத்தைத் திருகத் தொடங்கிவிட்டார்.

அடுத்தவர் எடப்பாடிக்காரர். வாயைத் திறந்தால் வரி கட்டவேண்டும் என்பது போல இருந்தார். "நீங்களே போயிப் பாருங்க. நான் கூட வரலீங்க. நான் நின்னா அவங்க நல்லதாத்தான் சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் கதவு போட்டிருந்த மில்லில் நான் வேண்டுமென்றே கிடங்கின் உள்ளே நின்று கயிற்றை அவிழ்த்தேன். தடதடவென்று ஒரே ஓட்டம். கதவு மூடிக்கொண்டது. இருட்டு. என் வீரமெல்லாம் "அத்தே!" என்று ஒரே அலறலாகிவிட்டது. தடவினால் கையில் ஒரு பிடி அகப்பட்டது. இழுத்தேன், கதவு நகர்ந்தது. நான் வெளியே வந்ததும் மறுபடி தானே போய் மூடிக்கொண்டது. நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கதவோரச் சுவரில் இருந்த ஒரு பித்தளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில்தான் சந்தனம் அடுக்கடுக்காக அப்பிக் கிடந்தது.

"சக்கரத்துல வெக்காதீங்கன்னா யாருங்க கேப்பாங்க?" என்றார் அந்த மில் மேஸ்திரி. "அதான் கதவுக்காரரு பொட்டுக்குன்னே தகடு அடிச்சுக் குடுத்துட்டாரு."

அந்தத் தகட்டில் பெருவிரலை வைத்து, "இவருதான்" என்றீர்கள்.

நம் கிடங்குக்கும் அவரே கதவு போட்டு, பக்கத்துச் சுவரில் பொட்டுக்குத் தகடும் அடித்துக் கொடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. இந்த ஆயுத பூஜைக்குப் புதிதாக வந்த ஆள் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு உருளைப் பக்கம் போக, நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். "இத்தனை வயசாகியும் வெளையாட்டு!" என்று எல்லாரும் திட்டினார்கள். திட்டட்டும். உங்களுக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் கிடங்கின் மூலையில் பஞ்சு பிடித்துக்கொண்டது. நான் வெளியே இருந்தேன். கதவு தடதடவென்று ஓடி மூடியது. பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். பிறகு அது மெல்ல அசைந்தது. ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி வந்தாள். கடைசியில் முகமெல்லாம் கரியோடு இருமிக்கொண்டு ராசம்மா வந்தாள். அவள் பின்னால் கதவு மறுபடி மூடிக்கொண்டது. எரிந்தது கிடங்குப் பஞ்சு மட்டுமே.

என் கையைப் பிடித்துக்கொண்டு ராசம்மா சொன்னாள்: "ஓடு சாமி, அத்தைகிட்டச் சொல்லு. கதவு மூடிக்கிச்சு, நாங்க எல்லாரும் வந்துட்டோம்னு சொல்லு."

புகையில் அவளுக்கு மறந்துவிட்டது, நீங்கள் இல்லை என்பது. எதற்கும் எதிர்வாய் பேசுகிற நான் "சரிங்க" என்றேன்.

இன்று காலை தகட்டில் சந்தனம் வைத்தேன். விரலில் இன்னும் ஒட்டியிருக்கிறது, கழுவவில்லை.

கதவு மூடிக்கிச்சுங்க, அத்தை. எல்லாரும் வந்துட்டாங்க.