உதை போன இடம்

ஓஸ்டர்சுண்ட்,
9 செப்டம்பர் 2019

சிக்ஸ்டென்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் தோள் நலமாகத்தான் இருக்கும்.

நீ மூன்று முறை கூப்பிட்டதாக உல்லா சொன்னாள். மகள் அவள் வீட்டுக்கு நான் வந்தது காது வைத்தியத்துக்கு, உன்னோடு பேசுவதற்கு அல்ல. போனைக் காதில் வைத்தாலே தலை சுற்றுகிறது. சொல்ல வேண்டியதை எழுது.

இடது காதில் ஒரு விசில் மட்டும் கேட்கிறது, நாள் முழுக்க, அடுப்பில் வைத்து மறந்த கெண்டி மாதிரி. "கொஞ்சம் திரும்பலாம், பழையபடி வராது" என்றார் டாக்டர்.

முப்பது வருஷமாக நம் வேட்டைக் குழுவில் நாய் நடத்துகிறவள் நான். டுஸ்ஸா ஒரு மூஸ் மானை மறித்து நிறுத்திக் குரைத்தால், அது எந்தப் பக்கம் என்று இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. அன்றைக்கும் அதற்காகத்தான் உன் வலப்பக்கம் நின்று, இடது காதுக் கவசத்தைத் தூக்கினேன். நீ சுட்டுவிட்டாய்.

உன் துப்பாக்கிச் சத்தம் எனக்குப் புதிதா? இது வேறு. முகத்தில் அறைந்தது. தொப்பி பறந்தது. அந்தக் குழல் முனையில் என்ன மாட்டி வைத்திருக்கிறாய்?

குன்வோர்

ஹம்மர்டால்,
13 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கு இப்படி ஆனதில் எனக்கும் தூக்கமில்லை.

குழல் முனையில் இருப்பது மஸில் பிரேக். விரல் நீள இரும்புத் துண்டு, பக்கவாட்டில் துளைகள். குண்டுக்குப் பின்னால் பீறிட்டு வரும் வாயுவை முன்னால் விடாமல், அந்தத் துளைகள் பக்கத்திலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடும். அந்த வேகம் துப்பாக்கியை முன்னுக்கு இழுப்பதால் தோளில் விழும் உதை பாதியாகிவிடும். பிப்ரவரியில் தோளில் கத்தி வைத்த பிறகு முதல் முறை சுட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை மாட்டிய பிறகு, யாரோ தோளைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரிதான். சட்டப்படி தப்பே இல்லை.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. மானுக்காகக் காத்து நிற்கும் காவலிடத்தில் கவசத்தைத் தூக்கியது நீதான்.

உன் தம்பி
சிக்ஸ்டென்

ஓஸ்டர்சுண்ட்,
17 செப்டம்பர்

சிக்ஸ்டென்,

கோபப்படாதே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உன் உதை பாதியாகிவிட்டதாம்! மீதிப் பாதி எங்கே போனது என்று யோசித்தாயா? பக்கத்திலும் பின்பக்கமாகவும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் நின்றவள் நான்.

இங்கே துப்பாக்கிக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "அதை மாட்டினா பக்கத்துல ஆளே நிக்கக் கூடாதும்மா. தோள் வலிக்கு சைலன்சர் போட்டிருக்கலாமே? உதையும் குறையும், சத்தமும் குறையும். ஏன் போடலை?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும். எழுது.

நீ வெறும் சுடுகிறவனா? வேட்டைத் தலைவன். யார் எங்கே நிற்பது என்று சொல்கிறவன் நீ. அன்று காலை எட்டுப் பேர் முன்னால் பாதுகாப்பு விதிகளைப் படித்தாய். உன் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா?

பொய் எழுதுவதென்றால் தபால்தலையை வீணாக்காதே.

குன்வோர்

ஹம்மர்டால்,
4 அக்டோபர்

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

சைலன்சர் சாண் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். எல்லோர் கண்ணிலும் படும். பிரேக் சின்னது. அதன் மேல் துணி உறையைப் போட்டிருந்தேன், காவலிடத்தில்தான் கழற்றினேன். காரணம் அவ்வளவுதான். வசந்தகாலக் கூட்டத்தில் ஏவெர்ட், "தோள் போனவன் நமக்குத் தலைவனா? வீட்ல உக்காந்து காபி போடச் சொல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என்னைத் தின்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீ கவசத்தைத் தூக்கியதை நான் பார்த்தேன். கொம்பன் மான் மரங்களுக்கு நடுவே வந்துவிட்டது. உன்னைத் தொட்டுச் சொல்ல ஒரு நொடி ஆகும், அதற்குள் அது போய்விடும் என்று நினைத்தேன். சுட்டேன்.

நேற்று குழுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லி, பதவியை விட்டேன். ஏவெர்ட் என் முதுகில் தட்டி, "விடுப்பா, யாருக்கும் நடக்கக்கூடியதுதான்" என்றான். மற்றவர்களும் மன்னித்துவிட்டார்கள். புதுத் தலைவராக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எட்டுக் கைகளும் உயர்ந்தன. நீ சம்மதிக்க வேண்டும்.

மன்னித்துவிடு.

சிக்ஸ்டென்

ஓஸ்டர்சுண்ட்,
9 அக்டோபர்

சிக்ஸ்டென்,

அவர்கள் மன்னித்தார்களா? யார் காது போனது, ஏவெர்ட் காதா? எனக்கு நடந்ததை மன்னிக்க அவர்கள் யார்?

நான் சிரித்தது உண்மை. அது தப்பு. ஆனால் ஒரு சிரிப்புக்கு ஒரு காதா?

"பார்த்தேன்" என்று எழுதிவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது இல்லையென்றால் உனக்கு இனி எழுதியே இருக்க மாட்டேன். அதைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். கோபம் குறையவில்லை. எப்போது குறையும் என்று கேட்காதே.

தலைவர் பதவியை ஏற்கிறேன். முதல் உத்தரவு உனக்கு.

இந்த வருஷம் நீ துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டு உன்னைப் பார்த்தே நீ பரிதாபப்படவும் விடமாட்டேன். டுஸ்ஸாவோடு இனி நீ நட. சதுப்பில், மழையில், நாள் முழுக்க. அவள் குரைத்தால் நின்று கேள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ரேடியோவில் எனக்குச் சொல். தப்பாகச் சொன்னால் குழு முழுக்கக் கேட்கும்படி திட்டுவேன். சரியாகச் சொன்னாலும் பாராட்ட மாட்டேன்.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி, குழு எப்போதும் கூடும் மரக்கிடங்கு முன்னால். தாமதமாக வராதே.

குன்வோர்
வேட்டைத் தலைவர்