சேற்றில் நின்ற கொஞ்ச நேரம்

ஐப்பசி 9, திங்கள்

வேலை கிடைக்காத கவலையில் கொஞ்ச நாளாகத் தினமும் மணிக்கணக்காகத் தியானத்தில் உட்கார்ந்தேன். அதில் இப்போது உச்சந்தலை கொதிக்கிறது, தூக்கமே இல்லை. "காலையில பத்து நிமிஷம் போதும்மா. மத்த நேரம் வெறுங்காலோட மண்ணுல நில்லு, கைவேலை செய்" என்றார் கீழ்வேளூரில் தியான வகுப்பு எடுக்கும் அக்கா.

அதனால் இன்று அம்மா நடவுக்குப் போன வயலில் நானும் நாற்று நட இறங்கினேன். கால் சேற்றில் புதைந்ததும் சூடு தணிந்தது. பல நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போனது.

"பி.எஸ்சி. நட்ட நாத்து எப்படிக் கோணிக்கிட்டு நிக்குது பாருங்கடி" என்று பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த செல்வி அத்தை என்னைக் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏறுடி மேல. நீ இதுல கால் வைக்கக் கூடாதுன்னுதானே படிக்க வச்சேன்."

"உடம்புக்காகத்தாம்மா. அக்காதான் சொன்னாங்க."

"இனிமே வேலை கிடைக்காதுன்னு நேராச் சொல்லிடேன்" என்று அம்மா எல்லோர் முன்னாலும் அழுதாள்.

வாய்க்காலில் காலைக் கழுவிவிட்டு வந்தேன். சாயங்காலமே தலை மறுபடி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. நாளைக்கும் நடவு இருக்கிறது. நான் கூட வரக் கூடாதென்று விடியுமுன்னே கிளம்பிவிடுவாள்.