பதினொன்றாம் நம்பர் பனியன்

ஜூலை 20, ஞாயிறு

காலையில தூறல். கிரவுண்டு காயட்டும்னு ஒன்பது மணி ஆட்டம் பத்தரைக்கு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள ரெண்டு டீ, ஒரு வடை. இன்னொரு வடையும். (ஊட்டுக்காரி சாந்திக்குத் தெரிய வேண்டாம்.)

பொண்ணுக பாஸ்கெட்பால் லீக். என்ற புள்ள மிதுவோட ஸ்கூல் ஜெயிச்சுருச்சு. மிது ஆறேழு தடவை போட்டா, ஒண்ணும் விழலை. ஒண்ணு வளையத்துக்கே போகலை. ஒண்ணு பலகைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்துக்குப் போச்சு.

போன வருசம் வரைக்கும் எங்க புள்ள பந்தை ரெண்டு கையிலயும் நெஞ்சுக்கிட்ட வெச்சு ஒரே தள்ளு. குடத்துத் தண்ணிய வாசல்ல வீசற மாதிரி. பாக்க ஒண்ணும் அழகில்லை, ஆனா விழுந்துரும். பொங்கல் கழிஞ்சு புதுக் கோச் ஸ்டெல்லா மிஸ் வந்தாங்க. தூத்துக்குடிப் பக்கம். வந்ததும் மாத்திட்டாங்க. இனிமே ஒத்தைக் கை, நெத்திக்கு மேல பந்து, முழங்கை அடியில. அன்னைல இருந்து பந்து எங்க போகோணும்னு அதுக்கே தெரியலை.

கேலரியில எனக்கு முன்னாடி ரெண்டு பேரு.

"ஏனுங்க, அந்த ஒசரமான புள்ளைய எதுக்குங்க எறக்கறாங்க?"

"பல்பு மாத்தறதுக்கா இருக்குமுங்க."

நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். என்ற புள்ளைன்னு சொல்லலை.

மிது எனக்குப் போட்டிருக்கற சட்டம் (மறந்துறக் கூடாதுன்னு எழுதி வெக்கறேன்):
கடைசிப் படியில உக்காரோணும்.
வாயத் திறக்கக் கூடாது.
அம்பயரைப் பாத்துக் கையை ஆட்டக் கூடாது.
ஆட்டம் முடிஞ்சதும் ஓடி வந்து தண்ணி பாட்டில் நீட்டக் கூடாது.
இவ்வளவும் எதுக்கு? போன வருசம் இந்த நாலையும் ஒரே ஆட்டத்துல பண்ணினேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். கரண்டு ரெண்டு தடவை போச்சு.

பனியன் கம்பெனியில ஆர்டர் பாக்கற அந்தப் புது மெர்ச்சண்டைசர் தம்பி காலையிலயே வந்து நின்னான். "மாஸ்டர், துணி வந்துருச்சுங்க. இன்னைக்கே கட்டிங் போட்டுரலாங்களா?" நான் கத்திரியைக் கீழ வெச்சு, கையக் கட்டி, ஒரு பேச்சுப் பேசினேன். பின்னல் துணி மிசின்ல இழுபட்டு வருது தம்பி. ரோலைப் பிரிச்சு டேபிள்ல போட்டு ஒரு ராத்திரி தூங்க விடோணும். தூங்கி எந்திரிச்சாத்தான் அதோட நெச அளவு தெரியும். அவசரப்பட்டு வெட்டினா மொதத் தண்ணியில சுருங்கிரும்.

நல்லாத்தான் பேசறேன். பன்னெண்டாவது கணக்குல ஃபெயில், ஆனா இந்த ஒரு பாடத்துல நான் வாத்தியார்.

சாயங்காலம் இஸ்மாயில் பாய் வந்தாரு. எக்ஸ்போர்ட்ல மிஞ்சற துணி யாவாரம். மூணும் பையனுக, ஒருத்தனும் பந்தைத் தொட மாட்டான். அதனால மிதுவோட ரசிகர் மன்றத்துல அவரு துணைத் தலைவர். நான் தலைவர். வேற உறுப்பினர் கிடையாது.

ஃபைனல் ஆகஸ்ட் மூணு, காங்கேயத்துல. புள்ளைக ஜெர்ஸி வெளுத்துப் போய்க் கெடக்குதேன்னு பாய்தான் ஆரம்பிச்சாரு.

"துணி நான் குடுக்கறேன். சாயம் போடற டையிங்கும் நான் பாத்துக்கறேன். தையல் நீங்க பாருங்க மாஸ்டர்."

ஆரஞ்சு கலர், சுத்தக் காட்டன். பாலியஸ்டர் வேண்டாம்னு நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன். திருப்பூர்ல இருந்துட்டுப் புள்ளைகளுக்குப் பாலியஸ்டரா?

ஜூலை 26, சனி

மேகம். மழை இல்லை.

காலையில ஆறு மணிக்கு மிதுவைக் கிரவுண்டுல விட்டுட்டுத் திரும்பி வர மனசில்லை. செவுத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திட்டு எட்டிப் பாத்தேன். பந்தே இல்லாம போட்டுட்டு இருக்கா! கையத் தூக்கறா, மணிக்கட்டை மடக்கறா, கையை அப்படியே மேல வெச்சுட்டு நிக்கறா. திரும்பவும். திரும்பவும். பக்கத்துல மத்த புள்ளைக சிரிச்சுப் பேசிட்டு தண்ணி குடிச்சுட்டு இருக்குதுக. இவ மட்டும் வெறுங்காத்துல.

ஊட்லயும் அப்படித்தான். மல்லாந்து படுத்துக்கிட்டுப் பந்தை மேல போட்டுப் புடிக்கறா. சீலிங்ல வட்ட வட்டமாக் கறை. சாந்தி, "பெயிண்ட் அடிச்சு ஒரு வருசம் ஆகலை, கடங்காரி" அப்படீன்னு திட்டிட்டு, பந்து கை தவறி அலமாரிக்கடியில ஓடுனா அவளே குனிஞ்சு எடுத்துக் குடுக்கறா.

எனக்கெல்லாம் ஒரு வேலை ரெண்டு நாள் சரியா வரலைன்னா மிசினைத் திட்ட ஆரம்பிச்சுருவேன். இந்தப் புள்ளைக்கு இந்தப் பொறுமை யாருகிட்ட இருந்து வந்துச்சு? சாந்தி வழியும் இல்லை, என்ற வழியும் இல்லை.

ஸ்டெல்லா மிஸ் செவுத்துப் பக்கம் வந்துட்டாங்க. மாட்டிக்கிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, உளவு பாக்கீயளா?"

"இல்லீங்க மிஸ். வண்டி நின்னுருச்சு."

"ம்ம். வண்டி தெனமும் இங்கதான் நிக்கி."

கேட்டே போட்டேன். எப்பங்க மிஸ் விழும்?

"விழும் அண்ணாச்சி. பழசை கை மறக்கணும்லா, பெறவுதான புதுசு படிக்கும். அந்தப் பழைய தள்ளு சின்னப் பிள்ளைக ஆட்டத்துக்குத்தான் சரி. இனி ஒசரமான பிள்ளைக எதிர்ல நின்னா லேசாத் தட்டி விட்டுருவாளுவ."

அப்பறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. ஸ்கூல்ல பேச்சு வந்துருச்சாமா. ஃபைனல்ல மிது பழையபடி போடோணும், இல்லைன்னா அடுத்த வருசம் டீம்ல வேண்டாம்னு.

"நீங்க என்னங்க மிஸ் சொன்னீங்க?"

"அவ எப்படிப் போடணும்னு அவதான் முடிவு பண்ணணும்னேன். அவ கைதான அது."

ஜூலை 29, செவ்வாய்

புழுக்கம். தக்காளி வாங்க மறந்து திட்டு வாங்கினேன்.

காலையில தோசைக்கு உக்காந்தப்ப மெதுவா ஆரம்பிச்சேன். ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணினது.

"கண்ணு, ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் பழையபடியே போட்டுறேன். டீம்ல எடம் நிக்கட்டும். அப்பறம் எப்படி வேணாப் போட்டுக்கலாம்."

மிது சட்னியை ஒதுக்கி வெச்சுட்டு என்னைப் பாத்தா.

"ஒரு நாளைக்கு மட்டும் நீங்க தவழ்ந்துட்டே கம்பெனிக்குப் போங்கப்பா. அப்பறம் பாக்கலாம்."

சாந்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. முதுகு குலுங்குச்சு. சிரிப்புதான்.

தலைவரை ஊட்லயே மதிக்கறது இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காத்து. டேபிள் மேல அளவு வரைஞ்ச மார்க்கர் பேப்பர் பறந்து பறந்து ஒரே ரோதனை.

டையிங்ல லேட். காலையில வரோணும்னு சொன்ன ஆரஞ்சுத் துணி சாயங்காலம் அஞ்சுக்கு வந்துச்சு. ரோலைத் தொட்டா இன்னும் சூடு. தூங்க விட்டா நாளைக்குத்தான் கட்டிங். அப்பறம் பிரிண்ட், தையல்… ஃபைனலுக்குக் கெடைக்காது.

பாய் போன்ல, "எப்படியாச்சும் முடிச்சுருங்க மாஸ்டர், புள்ளைககிட்டச் சொல்லிட்டேன்."

வெட்டிட்டேன். நீளத்துல ஒரு ரெண்டு விரக்கடை சேத்து வெச்சேன், சுருங்கினாலும் சமாளிச்சுக்கும்னு. மெர்ச்சண்டைசர் தம்பி கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்தான். ஒண்ணும் சொல்லலை. தம்பி நல்ல பையன்.

மிஞ்சின துணியில எனக்கும் ஒண்ணு. எக்ஸ்எக்ஸ்எல், அப்பவும் வயித்துல பிடிப்பு. முன்னாடி மிதுவோட நம்பர், 11. பின்னாடி பெரிய எழுத்துல "மிது அப்பா". பிரிண்ட் பண்றவன் ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி கேட்டான், நெசமாத்தான் போடறதாங்கண்ணான்னு.

ஆகஸ்ட் 2, சனி

நல்ல வெயில்.

ஜெர்ஸி குடுத்தாச்சு. புள்ளைக மூஞ்சியப் பாக்கோணுமே! பாய் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. தூசுன்னாரு.

ஸ்டெல்லா மிஸ் ஒண்ணை எடுத்து மோந்து பாத்தாங்க. "நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா சாய வாடை அடிக்கி. பிள்ளைகளா, வீட்டுல ஒரு தண்ணி அலசிட்டுப் போடுங்க."

அலச வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். ஏன்னு கேட்டா? துணி தூங்காம வெட்டிட்டேன்னு அத்தனை பேரு முன்னாடி கட்டிங் மாஸ்டர் சொல்றதா? தலையை மட்டும் ஆட்டினேன். ரெண்டு விரக்கடை இருக்குதே.

என்ற ஜெர்ஸியை மிது பாத்துட்டா. பின்பக்கத்தைப் படிச்சா.

"இதைப் போட்டுட்டு வந்தீங்கன்னா நான் பஸ்ஸை விட்டே எறங்க மாட்டேன்."

சரின்னுட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சனமெல்லாம் ஆத்துக்குப் போகுது, நாங்க காங்கேயத்துக்கு. சாந்தி சித்ரான்னம் கட்டிக் குடுத்தா. புள்ளைக ஸ்கூல் பஸ்ல, நானும் பாயும் என்ற வண்டியில.

மேல முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். அடியில ஆரஞ்சு. அதுக்கும் அடியில உள்பனியன். வேர்த்து ஊத்துச்சு. பாய், "ஜுரமா மாஸ்டர்?"ங்கறாரு.

புள்ளைக வரிசையா எறங்கினதும் மொதல்ல ஜெர்ஸியைத்தான் பாத்தேன். சுருங்கிருச்சு. எல்லாருக்கும். குட்டையான புள்ளைக ஷார்ட்ஸுக்குள்ள சொருகிச் சமாளிச்சுருச்சுக. ஒசரமா இருக்கறது என்ற புள்ள. சொருகினா வெளிய வருது. சாந்தி காஞ்சதை அப்படியே மடிச்சுப் பையில வெச்சிருக்கா, யாரும் போட்டுப் பாக்கலை.

மொதப் பந்து. மிது கையைத் தலைக்கு மேல தூக்கினா. ஜெர்ஸி வயித்துக்கு மேல ஏறிருச்சு. அந்தப் பக்கம் நாலஞ்சு பசங்க விசில். பந்து எங்கயோ போச்சு. மிது ஒரு கையில ஜெர்ஸியை இழுத்து விட்டுக்கிட்டே ஓடினா.

அடுத்த பந்து. கையத் தூக்கலை. நெஞ்சுக்கிட்ட வெச்சுத் தள்ளினா, பழையபடி. விழுந்துச்சு. கேலரியே கை தட்டுச்சு. பாய் கூட எந்திரிச்சுட்டாரு.

நான் கேட்டதுதான் நடந்துச்சு. ஆனா கை தட்ட எனக்குக் கையே வரலை.

அதுக்கடுத்தது அந்த டீம் ஒசரக்காரி ஒருத்தி வந்து ஈயை ஓட்டற மாதிரி தட்டி விட்டா. அப்பறம் இன்னொண்ணும். மிஸ் சொன்னது அப்படியே. மிஸ் ஒரு தடவை மேல திரும்பிப் பாத்தாங்க. நான் பாய்க்குப் பின்னாடி மறைஞ்சுக்கிட்டேன்.

பாதி ஆட்டம் முடிஞ்சு இடைவேளை. மிது நேராப் படியேறி வரா. என்கிட்டத்தான். சட்டத்தை அவளே மீறி வரா.

"அப்பா, அதைக் குடுங்க."

"எதை கண்ணு?"

"உள்ள போட்டிருக்கீங்களே. கழுத்துல ஆரஞ்சு தெரியுது."

"பின்னாடி பேரு இருக்குதேடா சாமி…"

"தெரியும். குடுங்க."

சட்டையைக் கழட்டறேன், பட்டன் ரெண்டு தெறிச்சு ஓடுச்சு. அத்தனை சனத்துக்கு நடுவால கையில்லாத உள்பனியனோட நின்னேன். திருப்பூர்க்காரன் வேற எப்படி நிப்பான்? துண்டுல வேர்வையைத் தொடைச்சுக் குடுத்தேன். வாங்கிட்டு ஓடிட்டா.

ரெண்டாவது பாதி. தொளதொளன்னு ஆரஞ்சு, ஷார்ட்ஸுக்குள்ள பாதி சொருகி, முன்னாடி 11, முதுகு நெறைய "மிது அப்பா". மொதல்ல சிரிப்பு கெளம்புச்சு. அம்பயர் கூட வாயைப் பொத்திக்கிட்டாரு.

போட்டா. ஒத்தைக் கை, நெத்திக்கு மேல. குட்டையா விழுந்துச்சு. போட்டா. வளையத்துல பட்டுத் தெறிச்சுச்சு. முன்னாடி ஒருத்தர், "அந்தப் பழைய மாதிரியே போட்டுருக்கலாமுங்க"ன்னாரு. நான் தொடையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வாயத் திறக்காம இருந்தேன். அதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு எனக்குத்தான் தெரியும்.

அப்பறம் வலது மூலையில பந்து கெடைச்சுது. அந்த ஒசரக்காரி கையைத் தூக்கிட்டு எதிர்ல வந்துட்டா. மிது அவசரப்படலை. முழங்கை அடியில போச்சு, பந்து மேல போச்சு, அவ கைக்கும் மேல போச்சு. மணிக்கட்டு மடங்கி, கை அப்படியே நின்னுச்சு. வெறுங்காத்துல போட்டுட்டு இருந்தாளே, அதே கை. பந்து வளையத்தைத் தொடவே இல்லை. வலை மட்டும் ஆடுச்சு.

கேலரியில ஒரே கத்தல்.

முன்னாடி இருந்தவரு திரும்பினாரு. "ஏனுங்க, அது யாருங்க மிது அப்பா?"

"நாந்தானுங்க."

உள்பனியனோட இருந்தவனை மேலயும் கீழயும் பாத்தாரு. எந்திரிச்சுக் கை குடுத்தாரு.

ஜெயிக்கலை. ஒரு கூடைதான் வித்தியாசம். கடைசிப் பந்தும் மிது கைக்குத்தான் வந்துச்சு. புது மாதிரிதான் போட்டா. வளையத்தைச் சுத்திச் சுத்தி வெளிய வந்துருச்சு. மிது அழுகலை. கை மட்டும் கொஞ்ச நேரம் மேலயே இருந்துச்சு.

ஸ்டெல்லா மிஸ் எனக்கு முன்னாடி வந்து நின்னாங்க. நான் ஜெர்ஸிக்கு மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சேன்.

"அத விடுங்க அண்ணாச்சி. அந்தப் பந்தைப் பாத்தீயளா? ஸ்கூல்ல நான் பேசிக்கிடுதேன். அடுத்த வருசமும் அவ எறங்குவா."

பாயை ஸ்கூல் பஸ்ல ஏத்தி விட்டுட்டு மிதுவை வண்டியில கூட்டிட்டு வந்தேன். பாதி வழி தாண்டினதும் மிது ஆரம்பிச்சா.

"அப்பா, அந்தப் பழைய மாதிரி ஒண்ணு விழுந்துச்சே."

"ஆமா கண்ணு."

"நான் போட்ட மாதிரியே இல்லை."

கொஞ்ச தூரம் போய் நானும் சொன்னேன். "துணியைத் தூங்க விடாம வெட்டிட்டேன் சாமி."

"இன்னைக்குக் காங்கேயத்துக்கே தெரிஞ்சுருச்சுங்கப்பா."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லேசா மழை. கொடித்துணி எல்லாம் உள்ள.

பாய் இன்னொரு ரோல் அனுப்பியிருக்காரு. புள்ளைகளுக்குப் புது ஜெர்ஸி. டேபிள்ல விரிச்சுப் போட்டுட்டு, எவனும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன். மெர்ச்சண்டைசர் தம்பி, "சரிங்க மாஸ்டர்"னு சொன்னான். அந்தச் "சரிங்க"வுல ஒரு இது இருந்துச்சு. விட்டுட்டேன்.

இதுல ஒரு பாடம் இருக்குதுன்னு சாந்தி ஆரம்பிச்சா. பாடம் வேண்டாம், காப்பி குடுன்னேன்.

என்ற ஜெர்ஸியை மிதுவே துவைச்சுக் காயப் போட்டிருந்தா. எடுத்துப் போட்டுப் பாத்தேன். கழுத்து போச்சு, தோளு போச்சு, வயித்துக்கு மேல நின்னுக்கிச்சு. ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை. சாந்தியும் மிதுவும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்துக் கழட்டினாங்க.

மிது அதை உதறிட்டுத் தலை வழியாப் போட்டா. அளவெடுத்துத் தெச்ச மாதிரி நின்னுச்சு. கையைத் தூக்கிப் பாத்தா. ஏறலை.

பிராக்டீசுக்கு அதையே போட்டுட்டுக் கெளம்பிட்டா.