ஒரே பிடியில் இரண்டு பிரேக்

ஜூன் 3, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. ஆபீஸ் போகுமுன் பின்பக்கம் போய் சைக்கிளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தொட்டு ஐந்து மாதம். செயின் முழுக்கத் துரு. இந்தத் தீவின் உப்புக்காற்று எதையும் விடுவதில்லை.

வேலை பார்த்த படகுத்துறை ஜெட்டியில் கயிறு சுற்றி வலது கை நசுங்கியதிலிருந்து அவர் வெளியே கிளம்புவதே இல்லை. தையல் ஆறிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன, ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. தினமும் ஊருக்கு வெளியே சிப்பிகாட் வரை மிதித்துப் போய் வந்த மனிதர். நேற்று சொல்கிறார்: "யாராச்சும் கேட்டா சைக்கிளைக் குடுத்துரு ஜோதி. ஒத்தக் கையால எப்படி பிரேக் பிடிக்கிறது?"

வலது பிடி முன் சக்கரத்துக்கு, இடது பிடி பின் சக்கரத்துக்கு. பின் பிரேக்கை மட்டும் நம்பி இந்த ஊர் இறக்கங்களில் போக முடியாது. வாஸ்தவம்தான். ஆனாலும்.

ஜூன் 4
போனில் ஒரு வீடியோ. ஒரே பிடியில் இரண்டு பிரேக் ஒயரும் மாட்டலாமாம்! சாயங்காலம் பஜாரில் சைக்கிள் கடை பாயிடம் கேட்டேன். "அது மெயின்லேண்ட்லேர்ந்து வரணும்மா. சொல்லி வைக்கிறேன், கப்பல் வந்தா உங்களுக்குத்தான்." வீட்டில் மூச்சு விடவில்லை.

ஜூன் 7, சனி
மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், கந்தல் துணி. செயின் ஊறுகிறது. நகமெல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டு பெங்காலி தீதி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அரே பெஹன், மிஸ்திரி கோ தே தோ!" என்று மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொன்னார். நானே மிஸ்திரி என்றேன். சிரிப்பு.
ஜன்னலில் அவர். நான் திரும்பியதும் திரை மூடிக்கொண்டது.

ஜூன் 12
கப்பல் வந்துவிட்டது. பிடியும்.

ஜூன் 14, சனி
மாட்ட மூன்று மணி நேரம். நானே ஏறிப் பார்த்தேன். அழுத்தியதும் முன் சக்கரம் சட்டென்று நின்றது, பின் சக்கரம் எகிறியது, நான் குரோட்டன்ஸ் செடிக்குள். முழங்காலில் சிராய்ப்பு. அழுகை வந்தது, வலியால் இல்லை. இதிலா அவரை ஏற்றப் பார்த்தேன்?

செருப்புச் சத்தம். அவர் படியிறங்கி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.
"முன் ஒயரை ஏன் இவ்ளோ இறுக்கி வச்சிருக்க? பின்னாடிதான் முதல்ல பிடிக்கணும்."
"எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவரு உள்ளயே உக்காந்திருந்தா?"
குனிந்து, பிரேக் கட்டைகளை இடது கையால் ரிம்மோடு அழுத்திப் பிடித்தார். நான் ஒயரை இழுத்து நட்டை முறுக்கினேன். "இன்னும் கொஞ்சம். ம், போதும்." இருவருக்குமாக மூன்று கை. சரியாக இருந்தது.

ஜூன் 15
மழை இல்லை. வலது கைப்பிடியில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினோம், உள்ளங்கை வழுக்காமலிருக்க. அவர் யோசனை. பிறகு தெருவில் நான்கு சுற்று ஓட்டினார். தீதி கை தட்ட, இவருக்கு வெட்கம். காதெல்லாம் சிவப்பு.

ஜூன் 17
ஐந்து மணிக்கு எழுந்தேன். நல்ல வெளிச்சம். படுக்கை காலி. சைக்கிளும் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி. இல்லை. கேட்டுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பால் பொங்கி வழிந்தது.

ஐந்தரைக்கு அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.
"எங்க இருக்கீங்க?"
"சிப்பிகாட். ஓட்டிக்கிட்டே எப்படி போன் எடுக்கிறது?"
"இறக்கத்துல...?"
"நின்னுச்சு ஜோதி. ரெண்டும் சேந்து பிடிச்சு, நிறுத்தின இடத்துல நின்னுச்சு. டீ குடிச்சுட்டு இன்னும் தள்ளி சௌல்தாரி பக்கம் போய்ப் பாக்குறேன். லேட்டாகும். நீ பூட்டிட்டு ஆபீஸ் போ, சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கு."

வீட்டைப் பூட்டி எத்தனை நாளாயிற்று! ஐந்து மாதமாக அவர் உள்ளேயே இருந்தாரே. பூட்டை எங்கே வைத்தேன்? அலமாரியில் இல்லை. மீட்டர் பெட்டி மேலும் இல்லை.