அளவு ரவிக்கை

சேசு மரி சூசை

புதுச்சேரி,
9.2.1953

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நலம். நான் கார் ஓட்டும் வீட்டுத் துரைசானிக்கு ஒரு சட்டை வேண்டுமாம். பாரீஸில் பேர்பெற்ற தையல்காரர் ஒருவர் வரைந்த படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். பத்திரம். பாஸ்குப் பண்டிகைக்குள் தைத்து அனுப்பு. மூக்கால் அழாதே. அதே வீட்டில் ஆயாவாக இருக்கும் உன் தங்கை பிலோமி சௌக்கியம்.

யேசுதாஸ்

இராயபுரம்,
15.2.1953

அன்புள்ள அத்தானுக்கு,

எட்டு மாதமாக வீட்டு நினைப்பில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. தையல் வேலை என்றதும் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

படமா இது? நாலு கோடு. அந்தப் பெண்ணுக்கு முகம்கூடப் போடவில்லை. இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறாள். சட்டை இடுப்பே பிடிக்காமல் முழங்கால்வரை தொளதொளவென்று தொங்குகிறது. பக்கத்து வீட்டு சிலுவைமுத்து சம்சாரம், "இன்னாம்மே, ஹார்பர் மூட்டைக்குக் கை வச்சா மாதிரி கீது" என்று சிரிக்கிறாள்.

அளவுக்குத் துரைசானியின் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். பிலோமியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உங்களை நம்பித்தான் அவளை அனுப்பினேன்.

ஹில்டா

புதுச்சேரி,
2.3.1953

ஹில்டாவுக்கு,

கடிதம் எழுதுகிறாயா, வக்கீல் நோட்டீஸ் விடுகிறாயா? அளவுச் சட்டையைப் பிலோமி கட்டிக் கொடுத்தாள். பக்ருதீன் பாய் லாரியில் வருகிறது. அவளுக்கு எழுத நேரமில்லை. இடுப்பு தாராளமாக இருக்கட்டும். கேள்வி வேண்டாம்.

யேசுதாஸ்

இராயபுரம்,
22.3.1953

யேசுதாஸுக்கு,

கட்டிக் கொடுத்ததை நீ பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. துரைசானி சட்டை இல்லை. போன வருஷம் மாதா திருவிழாவுக்குப் பிலோமிக்கு நான் தைத்த நீல ரவிக்கை. என் கைத் தையல் எனக்குத் தெரியாதா? பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணி முழுவதையும் வெளியே விட்டிருக்கிறாள். அப்படியும் போதாமல் கடைசிக் கொக்கி பிய்ந்திருக்கிறது. ஐந்து மாதமா, ஆறா? படத்தில் இல்லாத முகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கூடப்பிறந்தவள்டா அவள்.

சட்டையைத் தைத்துவிட்டேன். உனக்காக இல்லை. வயிறு தெரிந்தால் அந்த வீட்டில் அவளைத் துரத்திவிடுவார்கள். அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று பக்ருதீன் பாயிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவேனா, தெரியாது. பிரசவம் இங்கேதான். நீ வராதே. பூட்டை மாற்றிவிட்டேன். சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில். இன்னொன்றை அந்தச் சட்டையின் வலது பையில் போட்டு, வாயைத் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஹில்டா