உன் படிக்கு வரும் தண்ணீர்

எதிர்வீட்டுக்காரியே,

இன்று காலை என் கேட் அருகே மேஸ்திரி சிமெண்ட் குழைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். மழைக்குப் பிறகு உன் வீட்டுச் சுவரில் அடிக்கும் ஈர வாசனை அதுதான்.

தொம்மலூரில் நம் சந்திலேயே உன் வீடுதான் பள்ளம். என் கொல்லையை ஒட்டி, மழைத் தண்ணீர் ஓடும் ராஜகால்வாய். வானம் கறுத்தால் போதும், உன் வாசலில் நின்று கத்துவாய்: "கேட்ட தொற டீ!" நான் முன் கேட்டையும் கொல்லைக் கதவையும் விரியத் திறப்பேன். தெருத் தண்ணீர் உன் படியேறுமுன் என் முற்றம் வழியாகக் கால்வாய்க்குப் போய்விடும். "தொறந்தாச்சு டீ!" என்பேன். "மாதா சிலைய ஃபிரிட்ஜ் மேல ஏத்திட்டேன். மீதிய நீ பாத்துக்க" என்று சிரிப்பாய்.

பிறகு என் மாடிப்படியில் காபியோடு உட்காருவோம். தூங்குமூஞ்சிப் பூக்கள், ஒரு பிளாஸ்டிக் சொம்பு, யாருடைய ஒற்றைச் செருப்போ, எல்லாம் முற்றத்தில் ஊர்வலம் போகும். "வாங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று செருப்பை உபசரிப்பாய். அந்த மங்கல் வெளிச்சத்தில் தண்ணீர் நிற்பதுபோலவும் வீடுதான் மெல்ல நகர்வதுபோலவும் இருக்கும். உன் பக்கத்தில் எனக்குப் பயமே தெரிந்ததில்லை.

இப்போது மழை அப்படி இல்லை. நாள்கணக்கில் தூறியது போய், ஒரே சாயங்காலத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. போன வாரம் என் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. "கேட்டுக்குக் கீழ ஒரு அடி ஏத்திக் கட்டிடலாம்மா, உள்ளயே வராது" என்றான் மகன். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நீ கண்மூடிய அந்த வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு கன்னடப் பெண் குடியிருக்கிறாள். நான் அடைத்தால் தண்ணீர் நேரே அந்தத் தொட்டிலுக்குத்தான் போகும்.

"கேட்ட விட்டுடுங்க. கூடத்து வாசப்படிய ஏத்துங்க" என்றேன் மேஸ்திரியிடம். மகன் முறைத்தான். முறைக்கட்டும். எதிர்வீட்டுக்குப் போய், மழை வந்தால் கூச்சப்படாமல் கத்த வேண்டும் என்று அவளிடமும் சொல்லிவைத்தேன்.

சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நீ நிற்கும் அதே இடத்தில் நின்று அவள் கத்தினாள்: "ஆன்ட்டி, கேட் தெகீரி!"

ஓடிப்போய்த் திறந்தேன். நீ போனபின் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பதில் தானாக வந்துவிட்டது:

"தொறந்தாச்சு டீ!"